மோரெலோஸ் தலையில் பழவேற்காட்டுத் துணி

வசந்த விடுமுறைக்கு மெக்சிகோ சிட்டி போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தோம். சூரியப் பிரமிடு, ஃப்ரீடா காலோவின் நீல வீடு, சோச்சிமில்கோ படகுச் சவாரி பற்றியெல்லாம் நம் ஆட்கள் ஏற்கனவே பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் போகப் போவதில்லை. ஒரு கைக்குட்டையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கைக்குட்டைக்கு இவ்வளவு நீளமா என்று கேட்காதீர்கள். பி.காம். படித்து பேங்கில் குப்பை கொட்டுகிறவன் கையில் சரித்திரம் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு முதலில் சில தகவல்கள். ஹூஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா அல்லது கிரீன் கார்டு இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டாம் (கிளம்பும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், ஊட்டி மாதிரி. முதல் நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமை மூடியிருக்கும். சைவக்காரர்களுக்குச் சோளத் தோசை, கறுப்பு பீன்ஸ், பூசணிப்பூ, சப்பாத்திக்கள்ளி. ஆமாம், நம் ஊர் வேலியில் நிற்கிற அதே ஜாதிக் கள்ளிதான். முள் சீவி, கீறி, வதக்கித் தருகிறார்கள். வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. தங்கமணிக்குப் பிடித்துவிட்டது. இன்னொன்று, அங்கே பெசோவுக்கும் டாலர் குறிதான். ஒரு தட்டு $180 என்று பார்த்துப் பெரியவள் அலறிவிட்டாள். உண்மையில் அந்தக் குறியே பெசோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அசல் உரிமைக்காரன் மெக்சிகோ.

நிற்க. கைக்குட்டைக்கு வருவோம்.

மூன்றாம் நாள் சியுதாதெலா கைவினைச் சந்தைக்குப் போனோம். 1968 ஒலிம்பிக்ஸை ஒட்டி ஏற்பட்ட சந்தை, நினைவுப் பொருள் வாங்க நல்ல இடம். ஒரு கடையில் சிவப்புக் கைக்குட்டைகள் அடுக்கடுக்காகத் தொங்கின. கௌபாய் படங்களில் குதிரைக்காரன் கழுத்தில் கட்டியிருப்பானே, அதே. தங்கமணி ஒன்றை விரித்துப் பார்த்து, "ஏங்க, இது மாங்கா பார்டர் மாதிரி இல்ல?" என்றாள். பெரியவள் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள், எங்கள் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். கடைக்காரப் பாட்டியிடம் இதன் பெயர் என்ன என்று கேட்டாள்.

"பாலியகாத்தே."

பெரியவளுக்கு அது இன்னொரு ஸ்பானிஷ் வார்த்தை. எனக்கு அப்படி இல்லை. காரணம் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பிச்சாட்டூர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகும் பஸ்ஸில் தூங்காமல் இருந்தால் எங்கள் ஊரைப் பார்க்கலாம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், அதற்குப் பிறகு திருப்பதி மாவட்டம். எங்கள் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை என்றால் இரண்டும். சென்னைக்காரர்களுக்கு எங்கள் ஊர் பெயர் காதில் விழுவது மழைக்காலத்தில் மட்டும்தான்: "பிச்சாட்டூர் அணை திறப்பு, ஆரணி ஆற்றின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை". அந்த அணையில் தேங்குவது ஆரணி ஆறு. அது சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கும் சிவனைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரிப் பக்கம் என்று போய்ப் பழவேற்காட்டில் கடலைத் தொடுகிறது. சின்ன வயதில், அணையில் விட்ட காகிதக் கப்பல் பழவேற்காடு போய்ச் சேரும் என்று நம்பிக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள்.

பழவேற்காடு ஒரு போர்த்துகீசியர் வாயில் நுழைந்து வெளியே வந்தால் என்ன ஆகும்? பாலெயகாத்தே. 1500களின் போர்த்துகீசிய ஏடுகளில் அந்தத் துறைமுகத்தின் பெயர் இதுதான். ஆங்கிலேயர் வாயில் அது புலிகாட் ஆனது.

மெக்சிகோவில் சிலர் இந்தச் சொல்லை அவர்களுடைய பழைய நவாட்டல் மொழியில் தேடுகிறார்கள். அதில் 'யாகாத்ல்' என்றால் மூக்கு. மூக்குத் துடைக்கிற துணி என்று பொருத்திவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நவாட்டலோடு எந்த உறவும் இல்லாத ஆங்கிலத்திலும் 'புலிகேட்' என்றால் வண்ணக் கைக்குட்டைதான். 1700களின் இறுதியில் கிளாஸ்கோ பக்கத்து ஸ்காட்லாந்து நெசவாளர்கள் நம் சரக்கைப் பார்த்துப் போலியாக நெய்து, அதே பெயரில் விற்றார்கள். இரண்டு கடல்களுக்கு அப்பால் இரண்டு மொழிகளில், ஒரே துணிக்கு ஒரே ஊர்ப் பெயர் விழுந்திருக்கிறது. மூக்குக் கதையை நான் ஏற்கமாட்டேன்.

மாங்காய் பார்டரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம் என்று தங்கமணியிடமும் சொன்னேன். அந்த மாங்காய் வடிவம் காஷ்மீர் சால்வையிலிருந்து ஐரோப்பிய அச்சுக்குப் போய், பின்னால் கைக்குட்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. பழவேற்காட்டுச் சரக்கில் பேர் வாங்கியது கட்டம் போட்ட பருத்திக் கைக்குட்டை. சிவப்புதான் அதன் பெருமை. நம் கரையோர மணலில் விளையும் சாயவேரைப் படிகாரம் சேர்த்துக் காய்ச்சி ஏற்றிய சிவப்பு, துவைக்கத் துவைக்க மெருகேறும் என்று பெயர்.

ஐரோப்பியர் வந்துதான் இந்த வியாபாரம் தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் உட்கார்ந்து கணக்கெழுதிய தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், பழவேற்காட்டுத் துணி அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்குவதைக் குறித்திருக்கிறார். அப்போது அது விஜயநகரப் பேரரசின் துறைமுகம், ராஜா கிருஷ்ணதேவராயர். எங்கள் ஊருக்குப் பக்கத்து நாகலாபுரம் வேதநாராயணர் கோவில் அவர் தன் தாயார் பெயரில் ஏற்படுத்திய ஊரில் இருக்கிறது. துறைமுகத்தின் பெயரில் விற்ற துணியெல்லாம் துறைமுகத்தில் நெய்ததும் அல்ல, உள்ளே பல கிராமங்களிலிருந்து தலைச்சுமையாகவும் மாட்டு முதுகிலும் வந்து சேர்ந்தவை. அதில் எங்கள் ஊர்த் தறிக்குப் பங்கு உண்டு என்றெல்லாம் நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆறு எங்களுடையது, அவ்வளவுதான்.

சரி, மெக்சிகோவுக்கு எப்படிப் போனது? 1565-இல் உர்தானேத்தா என்ற பாதிரி பிலிப்பைன்ஸிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி மெக்சிகோ திரும்பும் காற்றுப் பாதையைக் கண்டுபிடித்தார். 1571-இல் ஸ்பானியர் மணிலாவை ஊராக்கினார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பெருங்கப்பல் மணிலாவிலிருந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கு. போவதற்கு நாலு முதல் ஆறு மாதம், திரும்பி வர மூன்று மாதம். இது 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு நடந்தது. சீனப் பட்டும் பீங்கானும் மணிலாவுக்கு வந்தன. நம் கரைத் துணி மலாக்கா வழியாகவும் மக்காவ் வழியாகவும் அங்கே வந்தது. எல்லாம் ஒரே கப்பலில் ஏறின. மெக்சிகோக்காரர்கள் அதைச் 'சீனக் கப்பல்' என்றார்கள். அதில் வந்த சாமான் எல்லாம் சீனச் சாமான், வந்த மனிதர்கள் எல்லாம் 'சீனோ'. தமிழனாக இருந்தாலும் சீனோதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பட்டு வியாபாரம் கெடுகிறது என்று ஸ்பெயின் நாட்டு வியாபாரிகள் போட்ட கூச்சலில் அரசர் 1593-இல் உச்சவரம்பு விதித்தார். மணிலாவிலிருந்து 2,50,000 பெசோ மதிப்புக்கு மேல் சரக்கு ஏற்றக்கூடாது, திரும்பும்போது 5,00,000 பெசோவுக்கு மேல் வெள்ளி போகக்கூடாது. பேங்க்காரனுக்கு இந்த இடம் படிக்கும்போதே சிரிப்பு வரும். வரம்பு என்று ஒன்று வந்தால் விலையைக் குறைத்து எழுதும் பட்டியலும் கூடவே பிறந்துவிடும். பிறந்தது. கணக்கில் ஒரு கப்பல், உள்ளே இரண்டு கப்பல் சரக்கு.

அகபுல்கோவில் இறங்கியதைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி மலைப்பாதையில் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். ஸோகலோ என்று இப்போது சொல்கிற பெரிய சதுக்கம் இருக்கிறதே, ஒரு பக்கம் பேராலயம், ஒரு பக்கம் தேசிய அரண்மனை. நடுவில் இன்று ஒரு பெரிய கொடிக்கம்பத்தைத் தவிர வெட்டவெளி. அங்கேதான் 1703 முதல் 1843 வரை பரியான் என்ற கற்கட்டடச் சந்தை நின்றது. மணிலாவில் சீனர் கடைத்தெருவுக்கு அந்தப் பெயர், அதையே இங்கேயும் வைத்துவிட்டார்கள். ஆசியச் சரக்கு வாங்க ஊரே கூடிய இடம். 1828 டிசம்பரில் ஒரு கலவரத்தில் கும்பல் புகுந்து சூறையாடியது. 1843-இல் இடித்துவிட்டார்கள். ரங்கநாதன் தெருவை இடித்து மைதானமாக்கினால் எப்படி இருக்கும்? அந்த வெட்டவெளி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பிள்ளைகள் சோப்பு நுரைக் குமிழி ஊதி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சதுக்கத்தை ஒட்டி, அரண்மனைக்குப் பின்புறம் 'மொனேதா' என்று ஒரு தெரு. காசுத் தெரு. அதில் பழைய நாணயச் சாலையின் கட்டடம் 1730களில் கட்டியபடியே நிற்கிறது, இப்போது உலகப் பண்பாடுகளுக்கான தேசிய அருங்காட்சியகம். மற்றவர்கள் உள்ளே பொம்மைகளைப் பார்க்க, நான் முற்றத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இங்க என்ன இருக்கு?" என்றாள் பெரியவள். என்ன இல்லை என்று கேள் என்றேன்.

அமெரிக்கக் கண்டங்களிலேயே முதல் நாணயச் சாலை மெக்சிகோவினுடையது, 1535-இல் அரச ஆணை. அதில் அடித்த எட்டு ரியால் வெள்ளிக் காசு சுமார் 27 கிராம். 1732 முதல் 1772 வரை அடித்த காசில் இரண்டு தூண்கள், நடுவே கடலலை மேல் இரண்டு உலக உருண்டைகள். கிட்டத்தட்ட உலகம் முழுக்கச் செல்லுபடியான முதல் பணம் இந்த வகைக் காசுதான். எடை, மாற்று இரண்டையும் நம்பலாம் என்பதால் சீனத்து வியாபாரி, மணிலா வியாபாரி, சென்னப்பட்டணத்துச் செட்டியார் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். நம் துணி அங்கே போனதற்குப் பதிலாக இந்த வெள்ளி இங்கே வந்தது. நேராகவும் வந்தது, லண்டனைச் சுற்றியும் வந்தது.

சென்னைக்கும் மணிலாவுக்கும் இருந்த உறவைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. 1600களின் கடைசியில் கோட்டை ஆங்கிலேயர்கள் ஸ்பானியத் தடையை ஏய்க்க ஆர்மீனியர், இந்தியர் பெயரில் கப்பல் விட்டார்கள். மணிலா வியாபாரத்தில் பணம் குவித்த ஆர்மீனியர் கோஜா பெட்ரஸ் உஸ்கான்தான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டியவர். அந்த இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம். பழைய கல்வெட்டு இன்னும் ஓரமாக இருக்கிறது. மெக்சிகோ வெள்ளியில் கட்டிய பாலம் என்றால் ரொம்பத் தப்பில்லை. 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவையே பிடித்தார்களே, அந்தப் படை கிளம்பியது சென்னையிலிருந்து. கூடப் போன நம் சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை, மணிலாவுக்கு வெளியே கைன்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சம் இன்றும் அங்கே உண்டு.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த சான்று ஒரு காசு. 1807, 1808 வாக்கில் சென்னை நாணயச் சாலை புதிய வெள்ளிக் காசு வெளியிட்டது. அரை வராகன். ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து (பிச்சாட்டூர்க்காரனுக்கென்றே அடித்தது போல!). இந்தக் காசுகளில் பலவற்றைப் புதிதாக உருக்கி வார்க்கவில்லை. கையில் இருந்த ஸ்பானிய வெள்ளிக் காசை வைத்து, அதன் மேலேயே அச்சைப் போட்டு அடித்துவிட்டார்கள். அடி சரியாக விழாத காசுகளில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய ராஜாவின் எழுத்தும் உருவமும் நிழலாகத் தெரியும். நாணயம் சேகரிப்பவர்களின் ஏலப் பட்டியல்களில் படம் பார்க்கலாம். அதைப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பற்றும் வரவும் ஒரே காசில் இருக்கிறது.

இப்போது மோரெலோஸ்.

மெக்சிகோ விடுதலைப் போரை 1810-இல் தொடங்கியவர் இதால்கோ என்ற பாதிரியார். அவரை 1811-இல் சுட்டுக் கொன்ற பிறகு தலைமை தாங்கியவர் இன்னொரு பாதிரியார், ஹோசே மரியா மோரெலோஸ். பலவகை ரத்தம் கலந்த ஏழைக் குடும்பம். பாதிரியாவதற்கு முன் இளமையில் கோவேறு கழுதை ஓட்டியவர் என்று எழுதுகிறார்கள். அவர் பெயரில் ஒரு மாநிலம் இருக்கிறது, மொரேலியா என்று ஒரு பெரிய ஊர் இருக்கிறது. மெக்சிகோக் குழந்தையிடம் மோரெலோஸ் படம் வரை என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வரைவது தலையில் இறுகக் கட்டிய துணியைத்தான். காந்திக்குக் கண்ணாடி மாதிரி அவருக்கு அது. ஓயாத தலைவலிக்காகக் கட்டினார் என்பார்கள். சபுல்தெபெக் கோட்டையில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் உயிரோடு இருந்தபோதே, 1812-இல் வரைந்த ஓவியம் இருக்கிறது. தளபதி உடுப்பு, தலையில் துணி. அங்கேயே ஹுவான் ஓ'கோர்மன் 1960-61இல் வரைந்த பெரிய சுவரோவியத்திலும் அதே தலைக்கட்டு. அந்தத் துணிக்கு மெக்சிகோவில் எல்லோரும் சொல்லும் பெயர் பாலியகாத்தே.

நம்ப முடிகிறதா? ஒரு நாட்டின் விடுதலை வீரர் தலையில் பழவேற்காட்டின் பெயர். அவர் கட்டிய அந்தக் குறிப்பிட்ட துணி நம் கரையில் நெய்ததா, வேறெங்கோ நெய்த போலியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பெயர் நம்முடையது.

அதிலும் ஒரு வேடிக்கை. இந்தத் துணி அந்த நாட்டுக்குள் நுழைந்த வாசல் அகபுல்கோ. அந்த அகபுல்கோவை 1813-இல் மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்தவர் இதே மோரெலோஸ். போர் நடந்தால் கப்பல் எங்கே வரும்? கடைசி மணிலாக் கப்பல் 1815-இல் அகபுல்கோவை விட்டுப் போனது. அதே 1815 டிசம்பர் 22 அன்று மோரெலோஸை ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன் அவரைச் சிறை வைத்த இடங்களில் ஒன்று சியுதாதெலா. நாங்கள் கைக்குட்டை பேரம் பேசினோமே, அந்தச் சந்தைக்கு எதிரே இருக்கும் பழைய கட்டடம். சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது.

1813-இல் அவர் எழுதிய அரசியல் பிரகடனத்தில் அடிமை முறைக்கும் சாதிப் பிரிவுக்கும் என்றென்றைக்கும் தடை என்று ஒரு விதி. அதைப் படித்த பிறகு ஐந்தாம் நாள் புவேப்லா நகரம் போனதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

புவேப்லா பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 1531-இல் உண்டான ஊர், ஓடு பதித்த வீடுகள், 1646-இல் தொடங்கிய நூலகம். பார்க்க வேண்டிய ஊர். ஊரின் அடையாளம் 'சீனா போப்லானா', புவேப்லாவின் சீனப்பெண். பளபளக்கும் பாவாடை, வெள்ளை ரவிக்கை, மெக்சிகோவின் தேசிய உடை மாதிரி. கடைதோறும் பொம்மை, ஒரு நீரூற்றில் சிலை. யார் இந்தச் சீனப்பெண் என்று கேட்டால், சீனாவையே பார்க்காத ஒரு இந்தியப் பெண்.

பெயர் மிர்ரா என்கிறார்கள். முகலாய ராஜ்ஜியத்தில் பிறந்த சிறுமி. கடற்கொள்ளையர் பிடித்துக் கொச்சிக்குக் கொண்டுவர, அங்கே கத்தரீனா தெ சான் ஹுவான் என்று ஞானஸ்நானம். பிறகு மணிலாவில் விற்பனை. 1620 வாக்கில் சீனக் கப்பலில் அகபுல்கோ, அங்கிருந்து புவேப்லாவில் மிகெல் தெ சோசா என்பவர் வீட்டுக்கு அடிமை. எசமானர் இறந்த பிறகு விடுதலை. எழுதப் படிக்கத் தெரியாது, ஸ்பானிஷ் கடைசி வரை கொச்சை. ஆனால் ஊரே புனிதவதி என்று கொண்டாடியது. 1688 ஜனவரி 5 அன்று இறந்தார், ஏசு சபையாரின் ஆலயத்தில் அடக்கம். அவர் கதையை அலோன்சோ ராமோஸ் என்ற பாதிரியார் 1689 முதல் 1692 வரை மூன்று பாகமாக எழுத, அளவுக்கு மீறிய அற்புதங்கள் என்று சமய விசாரணை மன்றம் அதைத் தடை செய்தது. பளபளப் பாவாடைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த உடை 1800களின் பாஷன். அவர் உடுத்தியது முரட்டுத் துணி.

கத்தரீனா வட இந்தியராக இருக்கலாம். ஆனால் அந்தக் கப்பலில் வந்த 'சீனோ' அடிமைகளில் தென்னிந்தியக் கரைக்காரர்களும் உண்டு என்பதற்கு மெக்சிகோ விற்பனைப் பத்திரங்களில் பிறந்த ஊராக மலபார் என்று எழுதியிருப்பதே சாட்சி. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பத்தாவியாவுக்கு ஏற்றியிருக்கிறார்கள். பசிக்குத் தன்னையே விற்றுக்கொண்டவர்கள், பிள்ளையை விற்றவர்கள். துணி போன கரையிலிருந்தே ஆளும் போனது. மெக்சிகோவில் சீனோ அடிமைகளுக்கு 1672-இல் விடுதலை ஆணை வந்தது. அப்புறம் அவர்கள் அந்த ஜனங்களோடு கரைந்து போனார்கள். மெட்ரோ ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்து "இவர் அசல் நம்ம மாமா மாதிரி இல்ல?" என்று தங்கமணி இரண்டு முறை சொன்னாள். அதைச் சரித்திரச் சான்றாக நான் தாக்கல் செய்யவில்லை.

அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கணக்குப் புத்திதான் வேலை செய்தது. இந்த வியாபாரத்தில் ராஜா பெயர் காசில் இருக்கிறது. கப்பல் பெயர் ஏட்டில் இருக்கிறது. உஸ்கான் பெயர் கல்வெட்டில். அடிமையின் பெயர்கூட (அவர்கள் வைத்த பெயர்தான்) விற்பனைப் பத்திரத்தில் இருக்கிறது, சொத்து ஆயிற்றே. நெய்தவர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 2002 வாக்கில் நான் புது ஆபீசர். நெசவாளர்கள் நிறைந்த ஊர் ஒன்றில் வேலை. கடன் மனுவோடு ஒரு பெரியவர் வந்தார். குழித்தறி ஒன்று, வீட்டில் ஐந்து பேர் வேலை. பாவு போடுவது சம்சாரம், தார் சுற்றுவது பிள்ளைகள். மனுவில் 'உற்பத்திப் பொருள் யாருக்கு விற்கப்படுகிறது' என்று ஒரு கட்டம். அவர் சொன்னார்: "விக்கறது எங்க சார்? நூலு மொதலாளி தர்றாரு, துணி அவரே எடுத்துக்கறாரு. கூலிதான் நமக்கு." விற்பனை இல்லை, கொள்முதல் இல்லை, கையிருப்பு இல்லை. ஐந்து பேர் உழைப்பு, படிவத்தில் நிரப்ப ஒரு எண்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் கொடுத்தோம், சின்னத் தொகை. பெரும்பகுதி முதலாளியிடம் இருந்த பழைய முன்பணத்துக்கே போயிருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

1700களில் கம்பெனி ஆட்கள் செய்ததும் இதே ஏற்பாடுதான். துபாஷி வியாபாரியிடம் முன்பணம், அவர் நெசவாளரிடம் முன்பணம், துணி வந்து கழியும் வரை நெசவாளர் கடனாளி. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் நெசவாளர்களைக் குடியேற்றவே சென்னையில் ஒரு பேட்டையை உண்டாக்கினார். சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இப்போது அங்கே மீன் மார்க்கெட் தெரியும், தறியைத் தேட வேண்டும். பிறகு மான்செஸ்டர் எந்திரத் துணி. மெக்சிகோவிலும் அதே கதை வேறு மாதிரி நடந்தது. புவேப்லாவில் 1835-இல் 'லா கொன்ஸ்தான்சியா மெஹிகானா' என்ற பஞ்சாலையை அந்துன்யானோ என்பவர் தொடங்கினார், அந்த நாட்டின் முதல் எந்திர நூற்பாலை. இனிமேல் யாருக்குப் பழவேற்காட்டுத் துணி வேண்டும்? பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 1994-இல் சியாபாஸ் மலையில் எழுந்த ஸபதிஸ்தா விவசாயிகள் முகத்தை மறைக்கக் கட்டியதும் பாலியகாத்தே. பள்ளிக்கூட விழாவில் ஆடும் குழந்தை கழுத்திலும் பாலியகாத்தே.

போன முறை ஊருக்குப் போனபோது பழவேற்காடு போய் வந்தோம். ஏரி, படகு, மண்டையோடு செதுக்கிய டச்சுக் கல்லறைகள், வெயிலில் காயும் மீன். கோட்டை இருந்த இடத்தில் புதர். கைக்குட்டை நெய்யும் தறி எங்கே என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "துணி வேணும்னா பொன்னேரி போங்க சார்" என்றார்.

சியுதாதெலாப் பாட்டியிடம் நாலு பாலியகாத்தே வாங்கினோம், ஒன்று 25 பெசோ. பெரியவள் அவரிடம், "இது எங்க அப்பா ஊர் ஆறு போய்ச் சேர்ற ஊரோட பேரு" என்று ஸ்பானிஷில் விளக்க முயன்றாள். பாட்டிக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்துக்கொண்டே ஐந்தாவது ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

அங்கே போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். 50 பெசோ நோட்டில் பல ஆண்டுகள் இருந்தது மோரெலோஸ் முகம், தலைக்கட்டோடு. 2021 அக்டோபரிலிருந்து வரும் புது நோட்டில் அவர் இல்லை, சோச்சிமில்கோ ஏரியின் அஹொலோத்தே என்ற பிராணி இருக்கிறது. அழகான நோட்டு, பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். பழையது இன்னும் செல்லும். சில்லறையில் எப்போதாவது வந்து விழுந்தால் டாக்ஸிக்குக் கொடுத்துவிடாமல் ஒன்றை எடுத்து வையுங்கள்.